மூக்கடைப்பு மருந்தை விலங்கில் சோதிப்பது: ஊட்டியில் தொடங்குபவர்களுக்கு

சமவெளியிலிருந்து எம்.ஃபார்ம் என்ற மருந்தியல் முதுநிலைப் படிப்புக்கு ஊட்டிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு முதல் மாதமே மூக்கு அடைத்துக்கொள்ளும். ஆய்வுக்குத் தலைப்பு தேடும்போது யாராவது ஒருவர் மூக்கடைப்பு மருந்து என்று சொல்வது அதனால்தானோ என்னவோ. நல்ல தலைப்புதான். எளிதான தலைப்பு என்று நினைத்து எடுத்தால் மட்டும் சிக்கல். கைடிடம் போய் உட்கார்வதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் எவையெல்லாம் மாறும் என்பதை இங்கே சொல்கிறேன்.

எதை அளக்கப்போகிறீர்கள்?

மூக்கடைப்பு என்றால் சளி கட்டிக்கொள்வது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அடைப்புக்கு முக்கியக் காரணம் ரத்தம். மூக்கின் உட்சவ்வுக்கு அடியில் சின்னச் சின்ன சிரைக் குழிகள் நிறைய உண்டு. பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து அவற்றைச் சுருங்கிய நிலையில் வைத்திருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தாலோ, ஹிஸ்டமின் போன்றவை வந்து குழாய்களை விரித்தாலோ, குழிகள் ரத்தத்தால் நிரம்பிச் சவ்வு ஊறிய பஞ்சு போலப் புடைக்கும். காற்று போகும் வழி குறுகிவிடும். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின், ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் ஆகிய எல்லா மருந்துகளும் ஏதோ ஒரு விதத்தில், நார்அட்ரினலின் வந்து ஒட்டும் ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டி அந்தக் குழிகளை மறுபடி சுருக்குகின்றன.

தும்மல் வேறு. அது நரம்பு அனிச்சை. மூக்கொழுகல் வேறு. அது சுரப்பிகளின் வேலை. இந்த மூன்றும் ஒரே ஜலதோஷத்தில் சேர்ந்து வருவதால் ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றைப் பற்றி எழுதும் பழக்கம் நம் கல்லூரி ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. கினிப்பன்றிக்கு ஒவ்வாமை உண்டாக்குவது, பத்து நிமிடம் தும்மலையும் மூக்கைத் தேய்ப்பதையும் எண்ணுவது, எண்ணிக்கை குறைந்ததும் 'மூக்கடைப்பு நீக்கி' என்று முடிவு எழுதுவது. குளோர்ஃபெனிரமின் என்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தாலே தும்மல் குறைந்துவிடும். அடைப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளோடு அடைப்பு நீக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்து மாத்திரை செய்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். காற்று எவ்வளவு தடையில்லாமல் போகிறது என்பதை அளக்க உங்களிடம் வழி இல்லையென்றால், தலைப்பில் 'அடைப்பு' என்ற சொல்லையே போடாதீர்கள்.

நீலகிரியில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் நீலகிரித் தைலத்தைச் சோதிக்கிறேன் என்று வருவார். நம் ஊர்ச் சரக்கு, ஆசை நியாயம்தான். மனிதர்களிடம் மென்தாலைச் சோதித்துப் பார்த்தபோது தெரிய வந்தது இது: மூக்கின் தடை குறையாமலே 'மூச்சு விடுகிறது' என்ற உணர்வு மட்டும் கூடுகிறது. குளிரை உணரும் டி.ஆர்.பி.எம்.8 என்ற ஏற்பியை மென்தால் தூண்டுகிறது, அவ்வளவுதான். தைலத்தில் உள்ள சினியோலும் அதே ஏற்பியை ஓரளவு தூண்டும். எலியிடம் 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்க முடியாது. அது தரும் பதில் தடையின் எண் மட்டுமே. தைலத்தின் பெருமை எல்லாம் உணர்வில் இருந்தால், உங்கள் சோதனையில் அது தோற்றுத்தான் போகும். அதைத் தெரிந்துகொண்டே எடுப்பதானால் எடுங்கள்.

ஆட்டுத்தலையிலிருந்து தொடங்குங்கள்

உயிருள்ள விலங்கைத் தொடுவதற்கு முன் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பி.ஃபார்ம் காலத்தில் ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் மென்பொருளில் திரையில் தவளையும் முயலும் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு அடுத்த நிலை. கறிக்கடையில் விடியற்காலை வெட்டிய ஆட்டின் தலையை வாங்கி, மூக்குத் தடுப்பின் சவ்வை, திசுவை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசலான குளிர்ந்த கிரெப்ஸில் உரித்தெடுங்கள். மெல்லிய பட்டையாக நறுக்கி, திசுவின் சுருக்கத்தை அளக்கும் தொட்டியான ஆர்கன் பாத்தில் தொங்கவிட்டு, 37 டிகிரியில், 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கரியமில வாயுவும் கலந்த காற்றை ஊதுங்கள். பன்றி, நாய், அறுவை சிகிச்சையில் கிடைத்த மனிதச் சவ்வு ஆகியவற்றில் இந்த முறை கைகண்டது. உங்கள் மருந்து பட்டையைச் சுருக்குகிறதா, ஆல்ஃபா-1 ஏற்பியை மறிக்கும் பிரசோசின் போட்டால் அந்தச் சுருக்கம் குறைகிறதா, ஆல்ஃபா-2 ஏற்பியை மறிக்கும் யோகிம்பின் போட்டால் குறைகிறதா என்று பார்த்துவிடலாம். இங்கேயே சுருக்காத மருந்துக்காக எலிகளைக் கொல்லத் தேவையில்லை.

இதில் மலைக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 580 மில்லிமீட்டர் பாதரசம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. சிலிண்டரில் 5 சதவீதம் என்றே எழுதியிருந்தாலும் கரைசலில் கரையும் கரியமில வாயு இங்கே குறைவு. அதனால் சென்னையில் பி.எச். 7.4 காட்டும் அதே கிரெப்ஸ் இங்கே சுமார் 0.1 கூடுதலாகக் காட்டும். பைகார்பனேட்டைக் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்யுங்கள். காற்று ஊதிக்கொண்டிருக்கும்போதே பி.எச். மீட்டரை வைத்துப் பாருங்கள். ஊதுவதற்கு முன் பார்த்துப் பயனில்லை.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அதன் கீழ் வந்த 1998 விதிகள். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவிடம் கல்லூரி பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று சொன்னதை இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்கிறார்கள். நீங்கள் ஃபார்ம் பி என்ற விண்ணப்பத்தை நிரப்பி நிறுவன நெறிக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். எலி, கினிப்பன்றி, முயல் என்றால் அந்தக் குழுவிலேயே முடிந்துவிடும். பூனை, நாய் என்றால் கோப்பு மேலே போகும், ஆய்வுக் காலம் முடிந்துவிடும்.

நெறிக்குழுவில் கட்டாயம் வரும் கேள்வி: ஏன் இத்தனை விலங்குகள்? 'எல்லாரும் ஆறு வைக்கிறார்கள்' என்பது பதில் ஆகாது. முன் தரவு இருந்தால் முறையாகக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் குறைந்தபட்சம் மொத்த விலங்குகளிலிருந்து விலங்குக் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்துப் பாருங்கள். விடை 10-க்கும் 20-க்கும் இடையில் வர வேண்டும். நான்கு குழு, ஆறு ஆறு விலங்கு என்றால் 20, சரி. ஐந்து குழுவுக்கும் ஆறு வைத்தால் 25, ஐந்தே போதும்.

விலங்கு அறையின் குளிரும் ஈரமும்

சமவெளியில் விலங்கு அறை என்றால் ஏ.சி. பற்றித்தான் பேச்சு. இங்கே ஹீட்டர் பற்றிப் பேச வேண்டும். வழிகாட்டு நெறி சொல்வது 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், மணிக்கு 12 முதல் 15 முறை காற்று மாற்றம். உறைபனி விழும் ஜனவரி இரவில் இத்தனை முறை வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு 22 டிகிரியை நிறுத்துவது லேசான வேலை இல்லை. அதனால் சிலர் காற்றோட்டத்தை அடைத்துவிடுவார்கள். அப்போது அமோனியா ஏறும். அமோனியா மூக்குச் சவ்வை அரிக்கும். மைகோபிளாஸ்மா என்ற கிருமியின் தொற்று உள்ள எலிகளில் அது நோயை முற்றவைக்கும். நீங்கள் அளக்க நினைக்கும் உறுப்பே மூக்கு என்பதை நினைவில் வையுங்கள். மற்ற ஆய்வுகளில் மன்னிக்கக்கூடிய தவறு இங்கே ஆய்வையே கெடுத்துவிடும். கூண்டைத் திறந்ததும் உங்கள் மூக்கில் நெடி ஏறினால், எலியின் மூக்கு ஏற்கெனவே கெட்டிருக்கும். படுக்கையை அடிக்கடி மாற்றுங்கள்.

படுக்கைக்கு மரத்தூள் தேடும்போது மலையில் மலிவாகக் கிடைப்பது பைன் சீவல். வேண்டாம். அதன் வாசனைப் பொருள்கள் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டிவிடும். மூக்கையும் உறுத்தும். தூசி சலித்த உமியோ, சோளத்தக்கைத் துண்டுகளோ வாங்குங்கள். தென்மேற்குப் பருவ மழையில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். தீவன மூட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணத் தூள் மூக்குக்குப் போகும். மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வாடிக்கை. ஹீட்டர் இணைப்பு ஜெனரேட்டரில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கினிப்பன்றிக்கு வைட்டமின் சி உடலில் ஊறாது, உணவில் கொடுத்தே ஆக வேண்டும். நம் ஊரில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. கேரட்டை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், அதில் வைட்டமின் சி குறைவு. முட்டைக்கோஸ் மேல். தோட்டத்திலிருந்து வரும் இலையில் பூச்சிமருந்து இருக்கும், நன்றாக அலசிக் கொடுங்கள். முயலையும் கினிப்பன்றியையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். முயல் நோயில்லாமலே சுமக்கும் போர்டெட்டெல்லா கிருமி கினிப்பன்றியின் மூச்சுப்பாதையைத் தாக்கும்.

பதிவு பெற்ற பண்ணையிலிருந்து வண்டியில் மலையேறி வந்த விலங்குக்குக் குளிரும் புதிது, உயரமும் புதிது. ஒரு வாரம் பழக்கினால் போதும் என்பது பொது வழக்கம். இங்கே இரண்டு வாரம் கொடுப்பது நல்லது.

அப்புறம், சளி பிடித்ததென்று நெற்றியிலும் நெஞ்சிலும் தைலம் தேய்த்துக்கொண்டு விலங்கு அறைக்குள் போகாதீர்கள். ஊட்டியில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. தைலத்தையே சோதிப்பவர் என்றால், ஒப்பிடுவதற்காகத் தைலம் கொடுக்காமல் வைக்கும் கன்ட்ரோல் குழுவை வேறு நாளில், காற்று மாற்றிய அறையில் அளக்க வேண்டும். ஆவி யாருக்கும் வேலி பார்க்காது. உங்கள் மூக்குக்கும் பாதுகாப்பு தேவை. எலிச் சிறுநீரின் புரதத்துக்கு ஒவ்வாமை வந்து, மூக்கடைப்பை ஆராய வந்தவரே மூக்கடைப்போடு திரிவது ஆய்வுக்கூடங்களில் அபூர்வமில்லை. என்95 முகக்கவசம் போடுங்கள்.

எந்த விலங்கு, எப்படி அடைக்கவைப்பது

எலி, சுண்டெலி, கினிப்பன்றி எல்லாம் மூக்கால் மட்டுமே மூச்சுவிடப் பிறந்தவை. வாய்வழி மூச்சு அவற்றுக்கு அநேகமாக இல்லை. அடைப்பு அவற்றை நம்மைவிட அதிகமாக வருத்தும் என்பது ஒரு பக்கம். எவ்வளவு அடைப்பு உண்டாக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பது இன்னொரு பக்கம். மூச்சுத் திணறினால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவேன் என்பதை ஃபார்ம் பி-யிலேயே எழுதிவிடுங்கள்.

மருந்துத் தொழிலில் நிறையப் பயன்பட்டது மயங்கிய பூனை. காம்பவுண்ட் 48/80 என்ற பொருளை மூக்கில் விட்டு, ஹிஸ்டமினைத் தேக்கி வைத்திருக்கும் மாஸ்ட் செல்களை உடைத்து, ஒலி அலையால் மூக்கின் உள்கொள்ளளவை அளப்பார்கள். கல்லூரிக்கு அது எட்டாது. நமக்கு இரண்டு வழிகள்.

ஒன்று, முட்டைவெண்கரு அல்புமினைப் படிகாரக் களிம்போடு கலந்து கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டு ஒவ்வாமை உண்டாக்குவது. வார இடைவெளியில் மறுபடி ஒரு ஊசி, பிறகு அதே புரதத்தை மூக்கில் சொட்டுச் சொட்டாக விடுவது. சில நிமிடங்களில் தும்மல் வரும். அடைப்பு முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறையும், சில மணி நேரம் கழித்து மறுபடியும் கூடலாம். பிந்தியதை அளக்காமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பல மருந்துகளின் குணம் அங்கேதான் தெரியும். மூக்கில் விடும் அளவு ஒரு துவாரத்துக்கு 10 முதல் 20 மைக்ரோலிட்டருக்குள் இருக்கட்டும். அதிகமானால் நுரையீரலுக்குப் போய் மூச்சுக்குழல் சுருக்கத்தைக் கிளப்பும். கினிப்பன்றிக்கு அது உயிருக்கே ஆபத்து.

இரண்டு, மயங்கிய எலியில் ஹிஸ்டமினை நேரடியாக மூக்கில் விடுவது. ஒரே நாளில் முடியும். ஒவ்வாமை நோயின் முழுச் சித்திரம் இதில் கிடைக்காது. சுருக்கும் மருந்தை முதன்முதலாகச் சோதிக்க இதுவே போதும் என்பது என் கருத்து. டொலுவீன் டைஐசோசயனேட் பூசும் மாதிரியும் கட்டுரைகளில் நிறைய வரும். அந்த ரசாயனம் பூசுபவருக்கே ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. நல்ல காற்றுப்போக்கி இல்லாத ஆய்வகத்தில் தொடாதீர்கள்.

அளவெடுப்பது

விலை உயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய முறை இது. எலியை மயக்கி, கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து, நுரையீரல் பக்கமாக ஒரு கானுலா, அதாவது மெல்லிய குழல், வையுங்கள். எலி அது வழியாகத் தானே மூச்சுவிடும். இன்னொரு கானுலாவை மேல்நோக்கி, மூக்கின் பின்வாசல் வரை செலுத்துங்கள். உணவுக்குழாயைக் கட்டி வாயை மூடிவிடுங்கள். சிறிய பம்பால் ஒரே சீரான அளவில் காற்றை மேல் கானுலா வழியே செலுத்தினால் அது மூக்குத் துவாரங்கள் வழியாக வெளியேறும். கானுலாவின் பக்கவாட்டில் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரை மாட்டுங்கள். காற்றின் அளவு மாறாதபோது அழுத்தம் ஏறினால் அடைப்பு, இறங்கினால் திறப்பு. அழுத்தத்தைக் காற்றோட்டத்தால் வகுத்தால் தடை.

இதில் கவனிக்க வேண்டியவை சில. அறைக்காற்றை அப்படியே செலுத்தாதீர்கள். ஊட்டியின் குளிர்ந்த காற்றே மூக்குச் சவ்வைக் கிளப்பிவிடும். 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்த ஈரக்குடுவை வழியாகச் செலுத்துங்கள். சளி சேர்ந்தாலும் அழுத்தம் ஏறும். அதைப் பிரித்தறிய, சுரப்பைக் குறைக்கும் அட்ரோபின் கொடுத்த ஒரு தொகுதி வேண்டும். எலிக்கும் நம்மைப் போல ஒரு துவாரம் திறந்து மற்றது அடையும் சுழற்சி உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே அளங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது மயக்கமருந்து. நம் ஆய்வகங்களில் கை தானாகப் போவது கெட்டமின்–சைலசின் கலவைக்குத்தான். சைலசினே ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டும் மருந்து. உங்கள் மருந்து செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அது முன்கூட்டியே செய்து முடித்திருக்கும். விலங்கு மறுபடி விழிக்கத் தேவையில்லாத இந்தச் சோதனைக்கு யூரெத்தேன் பொருந்தும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. கையுறை இல்லாமல் எடை போடாதீர்கள்.

விழித்திருக்கும் கினிப்பன்றியில் அளக்க இரட்டை அறைப் பெட்டி உண்டு. தலை ஒரு அறையில், உடல் ஒரு அறையில். இரண்டு காற்றோட்டங்களுக்கும் இடையே உள்ள நேரத் தாமதத்திலிருந்து தடையைக் கணிப்பார்கள். கணக்கில் காற்றழுத்தம் வருகிறது. அந்த இடத்தில் 760 என்று விட்டுவிட்டால் ஊட்டியில் உங்கள் எண்கள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். குன்னூரில் அளந்தாலும் ஊட்டியின் எண்ணைப் போடாதீர்கள். அந்த ஊர் சுமார் 400 மீட்டர் கீழே. இந்தப் பெட்டி மூக்கையும் நுரையீரலையும் சேர்த்தே அளக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒற்றை அறைப் பெட்டி தரும் 'பென்' என்ற எண்ணைத் தடை என்று எழுதினால் தேர்வாளர் கிழித்துவிடுவார். அது மூச்சின் வடிவத்தைத்தான் சொல்கிறது.

தும்மலையும் எண்ணுங்கள், துணைத் தகவலாக. வீடியோ எடுத்து, எந்தக் குழு என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.

எந்த வழியாகக் கொடுப்பது

ஃபினைல்எஃப்ரின் கதையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ரத்தக்குழாயில் செலுத்தினால் அது குழாய்களை நன்றாகவே சுருக்கும். மூக்கில் விட்டாலும் வேலை செய்யும். மாத்திரையாக விழுங்கினால் குடல் சுவரும் கல்லீரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பல பத்தாண்டுகள் கடைகளில் விற்ற பிறகு, 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, வாய்வழி ஃபினைல்எஃப்ரின் பயனற்றது என்று 16-0 என வாக்களித்தது. 2024 நவம்பரில் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. மனிதனுக்கு மாத்திரையாகப் போகப்போகும் மருந்தை எலிக்கும் வாய்வழியே கொடுங்கள். சிரை ஊசியில் அழகான வரைபடம் கிடைக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

ஒப்பீட்டு மருந்தாக ஆக்ஸிமெட்டாசோலின் நல்லது. கடையில் வாங்கும் 0.05 சதவீதச் சொட்டு மருந்தில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி சேர்ந்திருக்கலாம். அது தனியாகவே சவ்வை உறுத்தும். தூள் வாங்கிக் கரையுங்கள். அல்லது அதே பதப்படுத்தி கலந்த வெறும் கரைசலைக் கன்ட்ரோல் குழுவுக்குக் கொடுங்கள். சூடோஎஃபிட்ரின் கட்டுப்பாட்டில் உள்ள வேதிப்பொருள். வாங்கவும் வைக்கவும் தனிக் கணக்கு உண்டு. அதற்கான நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

திறந்தால் மட்டும் போதாது

மூக்கின் குழாயைச் சுருக்கும் மருந்து மற்ற குழாய்களையும் சுருக்கலாம். ஃபினைல்புரொபனோலமின் மூளை ரத்தக்கசிவோடு தொடர்புபட்டு 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேறியது. அதனால் அதே மயங்கிய எலியில், கழுத்துத் தமனியில் இன்னொரு கானுலா வைத்து ரத்த அழுத்தத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். எந்த டோஸில் மூக்கு திறக்கிறது, எந்த டோஸில் அழுத்தம் ஏறுகிறது என்ற இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். ஆய்வேட்டின் மிகப் பயனுள்ள பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால் மருந்தாலேயே மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பது மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். உங்கள் மருந்திலும் அதைப் பார்க்க வேண்டும் என்றால், தனியாக ஒரு குழுவுக்கு இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் கொடுத்து, நிறுத்திய மறுநாள் அளங்கள். இதற்கும் நெறிக்குழு அனுமதி முன்கூட்டியே வேண்டும். நடுவில் சேர்த்துக்கொள்ள முடியாது.

சவ்வை நுண்ணோக்கியில் பார்க்க நினைப்பவர்கள் நாள்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எலியின் மூக்கு எலும்புக்குள் இருக்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய பிறகு இ.டி.டி.ஏ. கரைசலில் வாரக்கணக்கில் ஊறிச் சுண்ணாம்பு கரைந்தால்தான் கத்தி இறங்கும். அவசரப்பட்டுக் கடும் அமிலத்தில் போட்டால் திசுவின் சாயம் பிடிக்கும் தன்மை போய்விடும். ஆய்வேடு கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கடைசி விலங்கின் வேலை முடிந்திருக்கும்படி திட்டத்தைப் பின்னாலிருந்து எழுதுங்கள். அதில் ஜூலை மாதத்து மழையையும் ஜனவரி மாதத்துப் பனியையும் குறித்து வையுங்கள்.